எலும்புக் கிழவியின் இரண்டாம் பாதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டி. டீக்கடை, சலூன், பஞ்சாயத்து மேடை மூன்றும் ஐஸ்லாந்தில் அந்த ஒரே தொட்டிதான். தலையில் பனி விழும், கழுத்துவரை வெந்நீர், வாயில் அடுத்த வீட்டுக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக நானும் அதில் ஊறி வருகிறேன். போன மாதம் எனக்கு எதிரே ஊறிக்கொண்டிருந்த லோவா திடீரென்று சொன்னாள்:

"நான் ஒரு பாட்டு எழுதினேன். நல்லா வந்துடுச்சு. அதைத் தூக்கிச் செத்துப்போன ஒரு ஆளுக்குக் குடுத்துட்டேன்."

எழுதுகிற ஆளுக்கு முன்னால் இப்படிப் பேசலாமா? பூனைக்கு முன்னால் கருவாட்டை ஆட்டலாமா? மீதியில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, துண்டைக்கூடச் சரியாகக் கட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "பனியாறு மௌனமாகக் கிடந்தது. லோவாவின் மனமும்—"

அடித்துவிட்டேன். பனியாறு மௌனமாகவெல்லாம் கிடக்காது. நாள் முழுக்கச் சொட்டும், முனகும், திடீரென்று வெடிக்கும். கல்யாண வீட்டு மாமாவைப் போல.

இரண்டாம் தொடக்கம்: "நெருப்பும் பனியும் கைகோத்து நடக்கும் தேசத்தில்—"

இதையும் அடித்தேன். எழுதியபோது சொந்தச் சரக்கு என்றுதான் நினைத்தேன். மறுநாள் பெட்ரோல் பங்க்கில் பார்த்தால் ஓட்டாரின் விளம்பர அட்டையில் அதே வரி. ஓட்டார் யார் என்று சொல்லத்தான் அடுத்த பகுதி.

2

லோவாவுக்கு ஐம்பத்து நாலு வயது. எட்டுப் பேர் கொண்ட சின்னக் குழுக்களை எரிமலைக்கும் பனியாற்றுக்கும்* கூட்டிப்போய், எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது அவள் வேலை. வேன் ஓட்டுவது ஓட்டார். அவள் தங்கையின் புருஷன், கம்பெனி முதலாளியும் அவனே. கம்பெனியின் பெயர் 'கல்லும் பனியும்'. இப்போது கல் நிறைய இருக்கிறது.

(*பனியாறு என்றால் படகு விடுகிற ஆறு அல்ல. மலைமேல் விழுந்து விழுந்து இறுகிய பனி, ஆமை வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்குவது. இது தெரியாதவர்களுக்காகச் சொன்னேன்; தெரிந்தவர்கள் தலையாட்டிக்கொள்ளுங்கள்.)

லோவா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராயோகுல் பனியாறு வண்டி நிறுத்தும் இடத்துக்கே வந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக வருஷா வருஷம் பின்வாங்கி, இன்றைக்குச் சரளையிலும் சேற்றிலும் ஒரு மணி நேரம் நடந்தால்தான் சாம்பல் படிந்த ஓர் அழுக்கு மேடு கண்ணில் படும். "இதுதான் பனியாறு" என்று லோவா சொல்வாள். "எங்கே?" என்பார்கள். போன சீசனில் ஒருவர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'அழகான கல்குவாரி' என்று எழுதிவிட்டார்.

எரிமலையும் ஒத்துழைக்கவில்லை. பக்கத்து மாவட்டத்து எரிமலை அடிக்கடி வெடித்து நல்ல வியாபாரம் பார்க்கிறது. எங்கள் எரிமலை சுத்தச் சோம்பேறி.

"பனி போகுதா, போகட்டும்," என்றான் ஓட்டார். "வர்றவனுக்குப் பனியா வேணும்? பனி அவங்க ஊர் ஐஸ்பெட்டியிலயே இருக்கு. கதை வேணும், லோவா, கதை!"

"கதைக்குப் பூட்ஸ்ல முள்தகடு கட்டிக்கிட்டுப் பனிமேல நடக்கணுமா?"

"நடந்து பார்த்த கதைக்குத்தான் மவுசு."

[இங்கே லோவாவின் தோற்றத்தை வருணித்து ஒரு பத்தி இருந்தது. கண்கள் நீலம், கன்னம் காற்றில் வெடித்தது, இத்யாதி. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னைப் பத்தி எழுதறியா, ஆட்டை விலைக்குச் சொல்றியா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

3

ஓட்டார் தேர்ந்தெடுத்த கதை எலும்புக் கிழவி.

அந்தக் காலத்தில் மலைப்பாதைகளில் வழி தெரிவதற்காகக் கற்களை ஆளுயரம் அடுக்கி வைப்பார்கள். சில அடுக்குகளுக்குக் கிழவி என்று பேர். வழிப்போக்கர்கள் கிழவி பாடுவதுபோல ஒரு பச்சைப் பாட்டைக் கட்டி, ஆட்டுக்கால் எலும்பின் பொந்தில் செருகி, கல்லிடுக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவன் எடுத்துப் படித்து, குளிரில் கொஞ்சம் சிரித்துக்கொள்ள வேண்டியது. ஆள் நடமாட்டமில்லாத வனாந்தரத்தில் இவர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அதுதான்.

உண்மையான கிழவிகள் தூரத்தில், வேன் போகாத இடங்களில் இருக்கிறார்கள். ஆகவே ஓட்டார் வசந்தத்தில் மண் அள்ளும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, எரிமலைக் குழம்பு உறைந்த வெளியின் ஓரத்தில், கழிப்பறைக்கு வசதியான தூரத்தில், ஒரு கிழவியை எழுப்பினான். பழைய பாசியைச் சுரண்டிக்கொண்டுவந்து தயிர் தடவி அவள் தோளில் ஒட்டினான். பிறகு லோவாவிடம் வந்தான்.

"ஒரு கிழவி பாட்டு எழுதிக் குடேன். பழசா இருக்கணும். கொஞ்சம் பச்சையாவும் இருக்கணும்."

"எவ்வளவு பழசு?"

"வர்ற குழுவுல கனடாக்காரர் ஒருத்தர் இருக்கார், வால்டர்னு. சாம்பல் மழை பேஞ்சு மேய்ச்சல் எல்லாம் செத்துப்போன வருஷம் அவர் கொள்ளுத்தாத்தா தோர்லாக் இந்த வழியாத்தான் கப்பலேறப் போனாராம். அவ்வளவு பழசு."

"இது ஏமாத்து, ஓட்டார்."

"ஏமாத்து இல்ல. வரவேற்பு."

லோவா மறுத்திருக்கலாம். மறுக்காததற்கு நான் முதல் பிரதியில் கொடுத்த காரணம் வேலை. ஊரில் மீன் ஆலை மூடியாகிவிட்டது, இந்த வேலையை விட்டால் தலைநகரில் போய் யாருக்காவது ஓட்டல் படுக்கை விரிக்க வேண்டும். அது நிஜம்தான். ஆனால் பாதி நிஜம். தொட்டியில் வைத்து அவளே மீதியையும் சொன்னாள்: முப்பது வருஷமாக அவள் மாவட்டப் பத்திரிகைக்குப் பாட்டு அனுப்புகிறாள். ஒன்றுகூட அச்சாகவில்லை. "எழுதிக் கொடு" என்று ஒரு மனிதன் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவன் மோசடிக்காரன் என்பது அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

சூப்பு கொதித்து அடங்குவதற்குள் எழுதி முடித்தாள். அதை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்:

கல்லாலே உடம்பெனக்கு, காற்றாலே போர்வை;
கடந்துபோகும் ஆண்பிள்ளாய், கட்டிக்கொண்டு போயேன்!
பனியெல்லாம் உருகிப்போம், பாறைமலை தேயும்;
படுத்தெழுந்து போனவன்பேர் பாட்டினிலே வாழும்.

(மூலத்தில் இதைவிட நன்றாக இருக்கிறது. மூலத்தில் எப்போதும் இதைவிட நன்றாகத்தான் இருக்கும்.)

ஓட்டார் அந்த வருஷத்தை மட்டும் தாளின் மேலே எழுதச் சொன்னான், பெயர் வேண்டாம் என்றான். "பேரை அவரே கண்டுபிடிக்கட்டும். நாம சொன்னாப் பொய், அவரே கண்டுபிடிச்சா ஆராய்ச்சி." தாளைக் காபியில் ஊறவைத்து அடுப்பில் வாட்டினான். நூற்றைம்பது வருஷம் ஒரே மத்தியானத்தில் ஓடிவிட்டது. கடைசியாக, கீழ் இரண்டு வரியைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

"ஐயோ, ஏண்டா!"

"பாதி மக்கிப் போயிருந்தாத்தான் நம்புவாங்க."

லோவாவுக்கு வயிறு எரிந்தது. நல்ல பாதி அதுதான்.

4

வால்டரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் மேல்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முதல் பிரதியில் அவரைக் கோமாளியாக எழுதியிருந்தேன். முன்னோரைத் தேடிவந்த பணக்காரர், கழுத்தில் கேமரா, தலையில் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி. நையாண்டிக் கதைக்குத் தொப்பி வசதியானது. லோவாவிடம் காட்டியபோது தண்ணீரை என் முகத்தில் அடித்தாள்.

"அந்தாளு தொப்பியே போடல. அவர் காது ரெண்டும் குளிர்ல சிவந்திருந்துச்சு. அதை எழுது."

எழுதிவிட்டேன். எழுபத்தெட்டு வயது, சிவந்த காதுகள். கனடாவில் அவர் குடும்பம் நாலு தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே ஊறுகாய் போட்டு வைத்திருந்த ஐஸ்லாந்துப் பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது. இந்த நாட்டில் இப்போது யாரும் யாருக்கும் மரியாதைப் பன்மை கொடுப்பதில்லை. அமைச்சரானாலும் பேரைச் சொல்லி 'நீ'தான். வால்டர் மட்டும் லோவாவை 'நீர்' என்றார். கேட்டவுடன் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மத்தியானத்துக்குள் அந்த 'நீர்' அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

மற்ற ஏழு பேரை இந்தக் கதையில் வளர்க்கப் போவதில்லை. ஒருவருக்கு மட்டும் ஒரு வசனம் தருகிறேன்.

"எரிமலை எத்தனை மணிக்கு வெடிக்கும்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றாள் லோவா.

காலையில் பனியாறு. சரளையில் நடந்து நடந்து அழுக்கு மேட்டை அடைந்தார்கள். பூட்ஸில் முள்தகடு கட்டி, வரிசையாக ஏறினார்கள். மேலே போனபிறகுதான் கிராயோகுல் தன் முகத்தைக் காட்டும். சாம்பல் கோடுகளுக்கு இடையே நீலப் பிளவுகள், அடியில் எங்கோ ஓடும் தண்ணீர். லோவாவுக்கு அந்த இடத்தில் பேச்சு தானாக வரும். பொய்யே கலக்காமல் பேசுகிற ஒரே இடம் அது.

"தோர்லாக் காலத்துல இது இப்படிப் பின்வாங்கல, வால்டர். முன்னால வந்துச்சு. மேய்ச்சல் நிலத்தை முழுங்கிச்சு. தோ அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீடு இருந்துச்சு, அதையும் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. இந்தப் பனி ஒரு நாள் இல்லாமப் போகும்னு சொல்லியிருந்தா, சொன்னவனைப் பைத்தியம்னு கட்டிப் போட்டிருப்பாங்க."

வால்டர் பனியைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்தார். "எங்கள் குடும்பத்தைத் துரத்தியது சாம்பல் மட்டும் இல்லையா அப்போது," என்றார்.

5

மத்தியானம் உலர் மீனும் வெண்ணெயும் தின்றுவிட்டுக் கிழவியிடம் வந்தார்கள்.

ஓட்டார் நடிப்பில் குறை வைக்கவில்லை. "அட, அந்தப் பொந்துல ஏதோ வெள்ளையாத் தெரியுதே," என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வால்டர் எலும்பை எடுத்தார். தாளை விரித்தார். மேலே இருந்த வருஷத்தின் மீது விரலை வைத்தார். அந்த வருஷம் இந்தப் பாதையில் வேறு குடும்பம் போனதில்லை என்று தானே கணக்குப் போட்டுத் தானே முடிவுக்கு வந்தார். ஓட்டார் சொன்னது சரிதான், ஆராய்ச்சி என்றால் அப்படி ஓர் ஆராய்ச்சி!

இரண்டு வரியையும் உரக்கப் படித்தார். சிரித்தார். அழுதார். பிறகு, ரத்தத்தில் ஊறிய பழக்கம் போகுமா, மறுபாதியைக் கட்டத் தொடங்கினார்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், கதையே இதில்தான் தொங்குகிறது. இவர்கள் ஊரில் ஒருவர் பாட்டின் முதல் பாதியைச் சொன்னால், கேட்டவர் மறுபாதியைக் கட்டியே தீர வேண்டும். கல்யாணத்தில், ஆட்டுப் பட்டியில், வெந்நீர்த் தொட்டியில் எங்கும் இதுதான். முதல் பாதியை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக இவர்களால் முடியாது. தும்மல் வந்து நின்றுபோன மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு அலைவார்கள்.

வால்டர் கட்டிய மறுபாதி இது:

"கட்டிக்கொள்ள நேரமில்லை, கப்பல்போகும் நேரம்;
கனடாவில் குளிர்ரொம்ப, கம்பளிதான்..."

"கம்பளிதான்... கம்பளிதான்..." என்று அவர் தடவிக்கொண்டு நின்றார்.

லோவா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அச்சாகாத பல். தன் பாட்டின் தலையில் ஒரு கம்பளியைப் போட்டு மூடுவதை ஒரு தாய் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.

"பனியெல்லாம் உருகிப்போம், பாறைமலை தேயும்; படுத்தெழுந்து போனவன்பேர் பாட்டினிலே வாழும்!"

கண்ணி கச்சிதமாகப் பொருந்தியது. புதிதாகக் கட்டியவர்களுக்கு இருக்கும் தடுமாற்றம் ஒரு துளி இல்லை. வால்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது உமக்கு எப்படித் தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். ஐஸ்லாந்தில் தவளையே கிடையாது. அதனால்தான் லோவாவை யாரும் எச்சரித்து வளர்க்கவில்லை.

ஓட்டார் பாய்ந்து வந்தான். "அது வந்து, வால்டர், அவங்க வீட்டுல வாய்மொழியா வந்த பாட்டு! தலைமுறை தலைமுறையா! ரெண்டாம் பாதி மட்டும் இருந்துச்சு, முதல் பாதி எங்க எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்குச் சேர்ந்துடுச்சு பாரு!"

ஏழு பேரும் கை தட்டினார்கள். எரிமலையைப் பற்றிக் கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வால்டர் கை தட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தார்.

6

திரும்பும் வழியில் என்ன நடந்தது என்பதில்தான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். முதலில் எனக்குத் தோன்றிய முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

முடிவு ஒன்று: லோவா வேனை நிறுத்தச் சொல்லி, உண்மையை உடைக்கிறாள். வால்டர் அவளை மன்னிக்கிறார். ஓட்டார் தலைகுனிகிறான். பின்னணியில் எரிமலை—

(லோவா: "ஓட்டார் தலைகுனிஞ்சா வேன் பள்ளத்துக்குப் போயிடும்.")

முடிவு இரண்டு: வால்டர் ஒன்றும் கேட்கவில்லை. கனடாவில் தோர்லாக்குக்குச் சிலை வைக்கிறார். லோவா அந்தச் சிலையின் படத்தை—

(லோவா: "இதுல நான் எங்க? என்னையும் மக்கவச்சுட்டியா?")

முடிவு மூன்றை எழுதவில்லை. அதை யோசித்து முடிப்பதற்குள் லோவா நடந்ததைச் சொல்லிவிட்டாள். நடந்தது என் முடிவுகளைவிடச் சின்னது.

வால்டர் முன் இருக்கைக்கு மாறி வந்து, லோவாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மனைவி மார்கரெட் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். கல்லில் எனக்கும் பாதி இடம் விட்டு வைத்திருக்கிறது. இந்தப் பாட்டை அதில் வெட்டப் போகிறேன்."

"கல்லறையிலயா? இந்தப் பாட்டையா?"

"மார்கரெட்டுக்கு இந்த மாதிரிப் பாட்டென்றால் உயிர். பாதிரியாருக்கு மொழி தெரியாது."

லோவா சிரித்துவிட்டாள். சிரித்தது போதும் என்பதுபோல் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில் நீர் சொன்னீர், தோர்லாக் காலத்தில் பனி முன்னால் வந்துகொண்டிருந்தது என்று. உருகும் என்று சொன்னவனைக் கட்டிப் போட்டிருப்பார்கள் என்று."

"சொன்னேன்."

"அப்படியென்றால், பனியெல்லாம் உருகிப்போகும் என்று அவர் எப்படிப் பாடினார்?"

ஓட்டார் வானொலியைப் போட்டான். ஆட்டு விலை நிலவரம் ஓடியது. வால்டர் அது முடியும்வரை பொறுத்திருந்தார்.

"கல் வெட்டுகிறவன் கேட்பான், பாட்டுக்குக் கீழே யார் பெயர் என்று. தோர்லாக் என்று சொல்லவா? வேறு பெயர் சொல்லவா? நீர் எந்தப் பெயரைச் சொல்கிறீரோ அதை வெட்டச் சொல்கிறேன்."

முப்பது வருஷம் பத்திரிகைக்காரன் கொடுக்காததை ஒரு கிழவர் கல்லிலேயே வெட்டித் தருகிறேன் என்கிறார். லோவாவுக்குத் தன் பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஓட்டாரின் கண்கள் தெரிந்தன. சொன்னால் இந்த வேன், இந்தப் பனி, பொய்யில்லாமல் பேசுகிற அந்த ஓர் இடம் எல்லாம் இன்றோடு சரி. தலைநகர், ஓட்டல் படுக்கைகள்.

"கிழவி பாட்டுக்குக் கீழ யாரும் பேர் போடறதில்ல, வால்டர்," என்றாள். "அதுதான் வழக்கம்."

அது உண்மை. அவள் அன்றைக்குச் சொன்ன உண்மைகளிலேயே மோசமான உண்மை அதுதான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வால்டர் மூச்சை உள்ளே இழுத்தபடியே 'ஆம்' என்றார். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் ஆமாம் போடுவார்கள். அவருடைய குடும்பம் அதையும் காப்பாற்றி வைத்திருந்தது.

7

ஓட்டாருக்கு எட்டுப் பேரிடமிருந்தும் ஐந்து நட்சத்திரம். இப்போது இரண்டாவது கிழவிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வால்டர் கல்லின் படத்தை லோவாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். நாலு வரியும் இருக்கிறது. தோர்லாக் இல்லை. பாட்டுக்குக் கீழே ஒரு பெயருக்குப் போதுமான இடத்தை இழைத்து, வழவழப்பாக, வெறுமையாக விட்டிருக்கிறார். லோவா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தொட்டியில் எனக்குக் காட்டினாள். போன் நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

"நீ எழுதறதுல என் பேரைப் போடு," என்றாள்.

"போட்டிருக்கேனே. லோவா."

"அது நீ வச்ச பேரு. என் பேரைப் போடு."

"ஓட்டாருக்குத் தெரிஞ்சா?"

"தமிழ்ல எழுதினா ஓட்டாருக்கு எப்படித் தெரியும்? யாரு படிக்கப் போறா?"

எனக்கும் சுருக்கென்றது. எங்களில் நிறையப் பேர் படிப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், மனசாட்சி விடவில்லை. ஆனால் அடுத்த மாதக் குழுவில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று பதிவு செய்திருக்கிறது. அவர்களில் ஒருவர் இதைப் படித்திருந்து, வேனில் ஏறியதும் ஓட்டாரிடம், "அந்தப் பாட்டு எழுதினவங்க இவங்கதானே?" என்று கேட்டுவிட்டால்? நம்மவர்கள் கேட்பார்கள்.

அவள் பெயரை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதி, மறுபடி—

ஆகவே வால்டர் செய்ததையே நானும் செய்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

பாட்டு: ..............................

தோர்லாக் என்று நிரப்பினால் ஓட்டார் சந்தோஷப்படுவான். கிழவி என்று நிரப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, அவளைத் தவிர. தயவுசெய்து என் பெயரை எழுதிவிடாதீர்கள். நாலு வரியைத் தமிழாக்கிய கூலிக்கு, அச்சாகும்போது அது கதைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். அந்த வெட்கமே எனக்குப் போதும். அவளுடைய சொந்தப் பெயர் வேண்டுமென்றால் ஒரு சீசனில் வந்து, சரளையில் ஒரு மணி நேரம் நடந்து, பனிமேல் ஏறி நின்று அவளிடமே கேளுங்கள். அங்கே அவள் பொய் சொல்லமாட்டாள். ஓட்டார் கீழே வேனில்தான் இருப்பான். அவ்வளவு தூரம் கேட்காது.